முகத்துவாரத்துப் படங்களுக்குக் கணினி வழியே படக்குறிப்பு: ஒரு முழுமையான வழிகாட்டி

எண்ணூர் முகத்துவாரத்தில் எடுத்த ஒரு படத்திலிருந்து தொடங்குகிறேன். நீர் வற்றிய காலை நேரம். கருப்பாகப் பளபளக்கும் ஏதோ ஒன்று தரை முழுக்கப் பாய் விரித்ததுபோல் கிடக்கிறது. நடுவில் ஒரு மூங்கில் கழி, அதிலும் அதே கருமை கொத்துக்கொத்தாக ஒட்டியிருக்கிறது. படத்தைப் பார்த்துத் தானாகக் குறிப்பு எழுதும் ஒரு செயற்கை நுண்ணறிவு மாடலிடம் கொடுத்தேன். "கரையோரத்தில் கறுப்புக் கற்கள்" என்று எழுதியது. படகு ஓட்டிய காட்டுக்குப்பத்து அண்ணனிடம் அதைப் படித்துக் காட்டினேன்.

"அது கல்லு இல்ல தம்பி, எல்லாம் காக்கா ஆழி. மண்ணையே மூடிச்சு. எறா எங்க போய்ப் படுக்கும்?"

அந்தப் படத்துக்குத் தேவையான குறிப்பு இதுதான். காக்கா ஆழி என்பது தென் அமெரிக்காவிலிருந்து வந்து எண்ணூரிலும் பழவேற்காட்டுப் பக்கமும் பரவிவிட்ட ஒரு சிப்பி. அறிவியல் பெயர் மைட்டெல்லா ஸ்ட்ரிகாட்டா. தரையை அடைத்துக்கொண்டு இறால், மஞ்ச மட்டி, பச்சை ஆழி எல்லாவற்றுக்கும் இடமில்லாமல் செய்துவிடுகிறது. படத்தில் தெரிவது கருப்பு மட்டும்தான். பெயர், பூர்வீகம், விளைவு மூன்றும் படத்துக்கு வெளியே இருக்கின்றன.

அதனால் இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே ஒரு முறையைத்தான் பின்பற்றுகிறது. படத்தைக் கொடுத்து "குறிப்பு எழுது" என்று கணினியிடம் கேட்க மாட்டோம். நாம் சேகரித்த உண்மைகளைக் கொடுத்து, அவற்றை நல்ல தமிழ் வாக்கியங்களாகக் கோத்துத் தரச் சொல்வோம். உண்மை நம் பொறுப்பு, வாக்கியம் மட்டும் கணினியின் பொறுப்பு. மாணவர்கள், பறவை பார்ப்பவர்கள், ஊர்க் கண்காணிப்புக் குழுக்கள் என்று ஆயிரக்கணக்கில் களப்படங்களை வைத்துக்கொண்டு திணறும் எல்லோருக்கும் இது பயன்படும்.

இவ்வளவு சிரத்தை எதற்கு என்று கேட்டால், எண்ணூர்க்காரர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. 2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் மறுபடியும் முகத்துவாரத்துக்குள் வந்தது. இரண்டு முறையும் ஊரில் எல்லோர் போனிலும் படங்கள் இருந்தன. எந்த இடம், எந்த நாள், எதன்மேல் படிந்த எண்ணெய் என்று எழுதி வைத்த படங்கள்தான் பிறகு யாரிடமாவது காட்டப் பயன்படும். மற்றவை கருப்புக் கறை படிந்த ஏதோ ஒரு கரையின் படம், அவ்வளவுதான்.

முதல் படி: என்ன வகைக் குறிப்பு என்று முடிவு செய்யுங்கள்

ஒரே படத்துக்கு மூன்று விதமான எழுத்து தேவைப்படலாம். பார்வையற்றவர்களுக்காகத் திரைவாசிப்பான் படித்துக் காட்டும் மாற்றுரை ஒன்று. படத்தில் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் ஒரு வாக்கியத்தில் சொன்னால் அதற்குப் போதும். ஆய்வறிக்கையில் படத்தின் கீழே வருவது இரண்டாவது. இனம், இடம், நாள், அளவுகோல், எதைக் காட்ட இந்தப் படம் என்பதெல்லாம் அதில் வர வேண்டும். மூன்றாவது, காப்பகத்துக்கான குறிப்பு. பத்து வருடம் கழித்துத் தேடுபவருக்குக் கிடைக்கும்படி ஊர்ப்பெயர்களும் வழக்குப் பெயர்களும் நிறைந்தது. மூன்றையும் ஒன்றாகக் குழைத்தால் எதற்கும் உதவாது. உண்மைப் பட்டியல் ஒன்றாகவே இருக்கட்டும், அதிலிருந்து மூன்று குறிப்புகளையும் தனித்தனியாக எழுதவைக்கலாம்.

இரண்டாம் படி: களத்திலேயே பாதி வேலை

படக்குறிப்பின் தரம் படகில் இருக்கும்போதே முடிவாகிவிடுகிறது. வீட்டுக்கு வந்து எவ்வளவு பெரிய மாடலைப் பயன்படுத்தினாலும் களத்தில் விட்டதைப் பிடிக்க முடியாது.

கேமராக் கடிகாரத்தைப் போன் கடிகாரத்தோடு சரிபார்த்துக் கொள்ளுங்கள். ஒரு எளிய வழி உண்டு. கிளம்பும்போது போன் திரையில் ஓடும் நொடிக் கடிகாரத்தைக் கேமராவில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். கேமரா நேரம் தப்பாக இருந்தாலும் எவ்வளவு தப்பு என்பது அந்தப் படத்திலேயே பதிவாகிவிடும். கேமராவில் ஜிபிஎஸ் இல்லையென்றால் போனில் பயணத் தடத்தை ஓடவிடுங்கள். எக்சிஃப்டூல் என்ற இலவச மென்பொருள் தடத்தின் நேரத்தையும் படத்தின் நேரத்தையும் பொருத்தி ஒவ்வொரு படத்துக்கும் இடத்தை எழுதித் தரும். நேரம் சரியாக இருந்தால்தான் இது நடக்கும்.

ஒவ்வொரு பொருளுக்கும் மூன்று படம் எடுங்கள். தூரத்திலிருந்து இடம் தெரிய ஒன்று, நடுத் தூரத்தில் ஒன்று, கிட்டத்தில் அளவுகோலோடு ஒன்று. அளவுகோல் கையில் இல்லையா? பத்து ரூபாய் நாணயம் வையுங்கள், அதன் விட்டம் 27 மில்லிமீட்டர்.

அடையாளம் காண எந்த உறுப்பு தேவையோ அதை எடுங்கள். வெள்ளைக் கொக்குகளில்தான் இந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டேன். சின்னக் கொக்குக்குக் கால் கருப்பு, பாதம் மட்டும் மஞ்சள். சேற்றில் நிற்கும்போது அந்த மஞ்சள் புதைந்துபோகும். அது காலைத் தூக்கும் நொடிவரை காத்திருந்து எடுத்த ஒரு படம், சேற்றில் நிற்கிற இருபது படங்களுக்குச் சமம். பெரிய கொக்குக்கும் நடுத்தரக் கொக்குக்கும் வித்தியாசம் பார்க்க முகத்தைப் பக்கவாட்டில் எடுக்க வேண்டும். பெரிய கொக்கின் வாய்க்கோடு கண்ணைத் தாண்டிப் பின்னால் போகும், நடுத்தரக் கொக்குக்குக் கண்ணுக்குக் கீழேயே நின்றுவிடும். அலகின் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள், இனப்பெருக்கக் காலத்தில் மஞ்சள் அலகு கருப்பாகும்.

அப்புறம், வாய்ஸ் நோட். என்னைக் கேட்டால் முழு முறையிலும் மதிப்புள்ள பகுதி இதுதான். படம் எடுத்த உடனே, அங்கேயே, தமிழில் பேசிப் பதிவு செய்யுங்கள். என்ன பார்த்தேன், எத்தனை, தரை எப்படி, நீர் ஏறுகிறதா வற்றுகிறதா, கூட இருந்தவர் என்ன சொன்னார் என்று வரிசை வைத்துக்கொண்டால் எதுவும் விட்டுப்போகாது. மீனவர் ஒரு பெயர் சொன்னால் அவர் சொன்னபடியே சொல்லுங்கள். புத்தகப் பெயராக மாற்றுவது பிறகு பார்த்துக்கொள்ளலாம். படம் எடுப்பதற்கும் பேச்சைப் பதிவு செய்வதற்கும் முன்னால் அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். அவர் பெயர் குறிப்பில் வரலாமா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

மூன்றாம் படி: கோப்புகளை ஒழுங்கு செய்தல்

மூலப் படத்தைத் தொடாதீர்கள். நகல் எடுத்து அதில் மட்டும் வேலை செய்யுங்கள். குழுவில் படங்களைப் பகிரும்போது வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் நேரமும் இடமும் கொண்ட மெட்டாடேட்டா போய்விடும், படமும் சுருங்கிவிடும். டாக்குமெண்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். எங்கள் குழுவில் ஒரு முழு நாளின் படங்கள் இப்படி வெறும் படங்களாகிப் போயின, திரும்பப் பெற வழியே இல்லை. ஒவ்வொரு படத்துக்கும் நாள், இடச் சுருக்கம், வரிசை எண் சேர்ந்த ஒரு அடையாளம் கொடுங்கள். எக்சிஃப்டூலை வைத்து எல்லாப் படங்களின் நேரத்தையும் இடத்தையும் ஒரு அட்டவணையாக இறக்கிக்கொள்ளுங்கள். இனி வரும் எல்லாமே அந்த அட்டவணையில்தான் சேரப்போகிறது.

நான்காம் படி: பேச்சை எழுத்தாக்குதல்

ஓப்பன்ஏஐ 2022 செப்டம்பரில் வெளியிட்ட விஸ்பர் மாடல் தமிழையும் எழுத்தாக்கும். நம் கணினியிலேயே இலவசமாக ஓட்டலாம் என்பதால் மீனவர்களின் குரல் வெளியே எங்கும் போக வேண்டியதில்லை. ஆனால் படகு இன்ஜின் சத்தமும் கடல் காற்றும் சேர்ந்தால் தடுமாறும். இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள்.

முதலாவது, வட்டார வழக்கு. "எறா" வேறேதோ சொல்லாக வரும், "காக்கா ஆழி" காக்கையாகவும் ஆழமாகவும் பிரிந்து நிற்கும். விஸ்பருக்குத் தொடக்கக் குறிப்பாகச் சில சொற்களைக் கொடுக்கும் வசதி இருக்கிறது. கொசஸ்தலை, பக்கிங்காம் கால்வாய், காக்கா ஆழி, அலையாத்தி, உமரி, பாடு, பறி என்று உங்கள் களச்சொற்களை அதில் போடுங்கள். கணிசமாகத் திருந்தும்.

இரண்டாவது, பேச்சில்லாத இடைவெளிகள். மௌனமான பகுதியில் இந்த மாடல் யாரும் சொல்லாத வாக்கியத்தைத் தானே எழுதிவிடுவதுண்டு, அல்லது ஒரே தொடரைத் திரும்பத் திரும்ப எழுதும். பதிவின் மௌனப் பகுதிகளை முன்கூட்டியே வெட்டிவிடுங்கள். வந்த எழுத்தை ஒரு முறை காதில் ஒலியோடு சேர்த்துப் படித்துத் திருத்தாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

ஐந்தாம் படி: சொற்பட்டியல்

நான்கு பத்திகள் கொண்ட ஒரு அட்டவணை போதும்: ஊர் வழக்குப் பெயர், எழுத்துத் தமிழ்ப் பெயர், அறிவியல் பெயர், அடையாளக் குறி. இந்தப் பட்டியல்தான் பிறகு மாடலுக்குக் கொடுக்கப்போகும் அகராதி.

வழக்குப் பெயரும் அறிவியல் பெயரும் ஒன்றுக்கு ஒன்று பொருந்தாது என்பதை மறக்கக்கூடாது. கொக்கு என்ற சொல்லுக்குள் பல இனங்கள் அடங்கும். உமரி என்ற உப்புநிலச் செடி என்றால் சுயேடாவும் இருக்கலாம், சாலிகார்னியாவும் இருக்கலாம். அலையாத்தி என்று பொதுவாகச் சொல்லும்போது எந்த மரம் என்று வேரைப் பார்க்க வேண்டும். எண்ணூர்ப் பக்கம் அதிகம் தெரிவது வெண்கண்டல், அதாவது அவிசென்னியா மரினா. சேற்றிலிருந்து பென்சில் நட்டதுபோல் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் மூச்சு வேர்கள் அதன் அடையாளம். ரைசோஃபோரா என்றால் வேர்கள் வளைந்து முட்டுக்கொடுத்து நிற்கும். இப்படி ஒரு பெயருக்குப் பல இனம் வரும் இடங்களில் அட்டவணையில் "இனம் உறுதியாகாமல் எழுதாதே" என்று ஒரு குறி போட்டு வையுங்கள்.

ஆறாம் படி: படத்தை மாடலிடம் காட்டுதல்

இப்போதுதான் படத்தை மாடல் பார்க்கப்போகிறது. அதற்கு முன் இந்த மாடல்கள் எதைப் படித்து வளர்ந்தன என்று தெரிந்துகொள்வது நல்லது. 2014, 2015 வாக்கில் படத்தைப் படிக்கும் நரம்பு வலையையும் வாக்கியம் எழுதும் நரம்பு வலையையும் இணைத்துப் படக்குறிப்பு எழுதும் முறை வந்தது. பயிற்சிக்கு அதிகம் பயன்பட்ட தொகுப்பு மைக்ரோசாஃப்ட் கோகோ. ஒவ்வொரு படத்துக்கும் பொதுமக்கள் எழுதிய ஐந்து வாக்கியங்கள், மொத்தம் 80 பொருள் வகைகள். அந்த 80-ல் பறவை என்பது ஒரே ஒரு வகை! பூநாரையும் நெடுங்கால் உள்ளானும் காக்கையும் அதற்கு ஒன்றுதான். 2021-ல் வந்த கிளிப் மாடல் இணையத்திலிருந்து எடுத்த 40 கோடிப் படம்-எழுத்து இணைகளைப் படித்தது, பிறகு வந்தவை இன்னும் அதிகம் படித்தன. பார்வை கூர்மையாகியிருக்கிறது. ஆனாலும் இணையத்தில் அடிக்கடி எழுதப்பட்டதையே அவை முதலில் சொல்லும்.

அந்தச் சாய்வு எங்கே வலிக்கும் என்று சொல்கிறேன். பழவேற்காடு, எண்ணூர்ப் பகுதிகளில் இருளர் பெண்கள் கழுத்தளவு நீரில் இறங்கிக் கையால் இறால் பிடிப்பார்கள். பிடித்த இறாலைப் போட, ஓலையில் முடைந்த பறியை வாயில் கவ்விக்கொள்வார்கள். இரண்டு கையும் சேற்றைத் துழாவ வேண்டுமே! அப்படி ஒரு படத்துக்கு மாடல் எழுதியது: "ஒரு பெண் ஆற்றில் குளிக்கிறார்." ஒரு வாக்கியத்தில் அவருடைய தொழில், திறமை, உழைப்பு எல்லாம் அழிந்துபோகின்றன. மனிதர்கள் இருக்கும் எந்தப் படத்துக்கும் அவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதை மாடல் சொல்ல விடாதீர்கள். அது வாய்ஸ் நோட்டிலிருந்தோ அவர்கள் வாயிலிருந்தோதான் வர வேண்டும்.

ஆகவே மாடலிடம் "இந்தப் படத்தை விவரி" என்று கேட்காமல் சின்னச் சின்னக் கேள்விகளாகக் கேளுங்கள். பறவைகள் எத்தனை? கால் என்ன நிறம்? பாதம் தெரிகிறதா? தரை ஈரமா, உலர்ந்ததா? பின்னணியில் என்ன கட்டடம்? ஒவ்வொரு கேள்விக்கும் "தெரியவில்லை" என்பதும் சரியான பதில் என்று முன்பே சொல்லிவிடுங்கள். இந்த ஒரு வரி சேர்த்தாலே இல்லாததை இருப்பதாகச் சொல்வது குறைகிறது.

நம் பகுதிக்கே உரிய இரண்டு பொறிகளும் உண்டு. முகத்துவாரத்திலிருந்து பார்த்தால் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கியும் தெரியும், இடுப்பு ஒடுங்கிய பெரிய குளிர்விப்புக் கோபுரமும் தெரியும். கோபுரத்தின் மேலே எழும் வெள்ளைப் படலம் நீராவி. மாடல் இரண்டையும் "புகை" என்றே எழுதும். மாசு பற்றிய ஆவணத்தில் நீராவியைப் புகை என்று எழுதிவிட்டால் எதிர்த்தரப்பு அந்த ஒரு படத்தை வைத்தே மொத்த ஆவணத்தையும் தள்ளிவிடும். அதேபோல் சாம்பல் நிறத்தில் படிந்த சேறு. அது நிலக்கரிச் சாம்பலா என்று படம் சொல்லாது. மாதிரி எடுத்துச் சோதித்திருந்தால் "சாம்பல்" என்று எழுதலாம், இல்லாவிட்டால் "சாம்பல் நிறச் சேறு" என்பதோடு நிறுத்த வேண்டும். அங்கே சாம்பல் படிந்திருக்கிறது என்று நமக்குத் தெரியும்தான். ஆனால் இந்தப் படத்தின் குறிப்பில் அதை எழுத இந்தப் படத்துக்கான ஆதாரம் வேண்டும்.

இனம் கண்டுபிடிக்கத் தனி மாடல்களைப் பயன்படுத்துங்கள். ஒரு கோடி உயிரினப் படங்களில் பயிற்றுவிக்கப்பட்ட பயோகிளிப் போன்றவை ஐந்தாறு சாத்தியங்களை வரிசையாகத் தரும். அந்த வரிசையில் நம் கடற்கரைக்கு வராதவற்றை அடித்துவிட்டு மீதியை அடையாளக் குறியோடு ஒப்பிடுங்கள். ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் போட்டால் மற்றவர்களும் பார்த்துச் சொல்வார்கள். அடையாளம் சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒத்துப்போனால்தான் அங்கே அது ஆய்வுத் தரம் பெறும்.

ஏழாம் படி: உண்மைத் தாள்

இதுவரை சேர்ந்ததை எல்லாம் படத்துக்கு ஒரு தாளாகக் கொண்டுவாருங்கள். ஒவ்வொரு வரிக்கும் மூலம் எழுத வேண்டும். நான் நான்கே சொற்கள் வைத்திருக்கிறேன்: கண்டது, கருவி, கேட்டது, ஊகம். பிறகு நிபுணர் சரிபார்த்தால் ஊகம் "உறுதி" ஆகும். காக்கா ஆழிப் படத்தின் தாள் இப்படி இருந்தது:

நாள், நேரம்: 2024 ஆகஸ்ட் 11, காலை 6.52. மூலம்: கருவி.
இடம்: எண்ணூர், கொசஸ்தலை ஆற்று முகத்துவாரப் பகுதி. மூலம்: கருவி.
தெரிவது: நீர் வற்றிய சேற்றுத் தரை, மூங்கில் கழி, இரண்டின்மேலும் கருநிறச் சிப்பிகள். மூலம்: கண்டது.
அளவு: கிட்டப் படத்தில் பெரிய சிப்பி பத்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்று நீளம். மூலம்: கண்டது.
வழக்குப் பெயர்: காக்கா ஆழி. மூலம்: கேட்டது, காட்டுக்குப்பம் மீனவர்.
இனம்: மைட்டெல்லா ஸ்ட்ரிகாட்டா. மூலம்: ஊகம்.
விளைவு: இறால் தங்கும் மண்ணை மூடிவிட்டது. மூலம்: கேட்டது, அதே மீனவர்.

கேட்டது என்பதை ஊகத்துக்குக் கீழான சான்றாக நினைக்க வேண்டாம். தினமும் அந்த நீரில் இறங்குபவர் சொல்வது அது. யார் சொன்னது என்று குறிப்பில் தெளிவாகத் தெரிந்தால் அதன் மதிப்பு கூடத்தான் செய்யும்.

எட்டாம் படி: வாக்கியமாக்குதல்

பலர் ஆங்கிலத்தில் குறிப்பு எழுதவைத்து அதைத் தமிழாக்குகிறார்கள். நான் அதைப் பரிந்துரைக்கவில்லை. மொழிபெயர்ப்பு மாடல்கள் இன்று நன்றாகவே இருக்கின்றன. ஐஐடி மெட்ராஸின் ஏஐ4பாரத் குழு 2023-ல் வெளியிட்ட இண்டிக்டிரான்ஸ்2, இந்திய அரசியல் சட்ட அட்டவணையில் உள்ள 22 மொழிகளையும் கையாள்கிறது. ஆனால் படக்குறிப்பு இரண்டே வரி, சூழல் கிடையாது. ஒருமுறை துறைமுகத்துக் கிரேன்கள் வரிசையாகத் தெரியும் படத்துக்கு ஆங்கிலக் குறிப்பு எழுதவைத்து மொழிபெயர்த்தபோது "கரையில் நான்கு கொக்குகள்" என்று வந்தது. ஆங்கிலத்தில் கிரேன் என்பது ஒரு பறவைக்கும் பெயர். பறவைக் கணக்கெடுப்பில் இப்படி ஒரு வரி நுழைந்துவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். உண்மைத் தாள் தமிழிலேயே இருக்கும்போது தமிழிலேயே எழுதச் சொல்வதுதான் நேர்வழி.

பெரிய மொழி மாடல் எதுவானாலும் இந்த மாதிரி ஒரு பிராம்ப்ட், அதாவது கட்டளை, போதும்:

"கீழே ஒரு களப்படத்தின் உண்மைத் தாள் இருக்கிறது. அதில் உள்ளதை மட்டும் வைத்து மூன்று அல்லது நான்கு தமிழ் வாக்கியங்களில் படக்குறிப்பு எழுது. இடமும் நாளும் முதலில் வரட்டும். தாளில் இல்லாத எந்தப் பெயரும் எண்ணும் காரணமும் சேர்க்காதே. மூலம் 'கேட்டது' என்றால் யார் சொன்னார் என்று சொல். மூலம் 'ஊகம்' என்றால் 'ஆக இருக்கலாம்' என்று எழுது. அழகான, பரிதாபமான, கம்பீரமான போன்ற அடைமொழிகள் வேண்டாம். வழக்குப் பெயரை மாற்றாதே."

அதோடு நீங்களே கையால் எழுதிய நல்ல குறிப்புகள் ஐந்தையும் அவற்றின் தாள்களையும் சேர்த்துக் கொடுங்கள். அந்த ஐந்தின் நடையை மாடல் பிடித்துக்கொள்ளும். அதனால் அந்த ஐந்தையும் எழுத ஒரு மாலை முழுவதும் செலவழித்தாலும் தகும். நீளத்தை வாக்கிய எண்ணிக்கையில் சொல்லுங்கள், டோக்கன், அதாவது மாடல் எழுத்தை உடைக்கும் துண்டுகளின் கணக்கில் வரம்பு வைக்காதீர்கள். பெரும்பாலான மாடல்கள் தமிழ்ச் சொல்லை ஆங்கிலச் சொல்லைவிடப் பல துண்டுகளாக உடைப்பதால் வாக்கியம் பாதியில் அறுந்துபோகும்.

மேலே உள்ள தாளுக்கு முதலில் வந்த குறிப்பில் "அழிவின் விளிம்பில் இருக்கும் இறால்கள்" என்று ஒரு தொடர் இருந்தது. தாளில் எங்கேயும் அது இல்லை. உயிரியல் படித்த ஒரு நண்பர் மாதிரியைப் பார்த்து இனத்தை உறுதிசெய்த பிறகு, பூர்வீகத்தையும் சேர்த்துத் தாளைத் திருத்தி மறுபடி எழுதவைத்துக் கையால் ஒரு வாக்கியத்தைச் சுருக்கினேன். கடைசியாக நின்றது இது:

"எண்ணூர், கொசஸ்தலை ஆற்று முகத்துவாரம், 2024 ஆகஸ்ட் 11, காலை 6.52. நீர் வற்றிய சேற்றுத் தரையையும் அதில் ஊன்றிய மூங்கில் கழியையும் கருநிறச் சிப்பிகள் மூடியிருக்கின்றன. காட்டுக்குப்பம் மீனவர் காக்கா ஆழி என்று அழைத்த இந்தச் சிப்பி, தென் அமெரிக்காவைச் சேர்ந்த மைட்டெல்லா ஸ்ட்ரிகாட்டா என்று மாதிரியைப் பார்த்து உறுதிசெய்யப்பட்டது. இறால் தங்கும் மண்ணை இது மூடிவிட்டதாகப் படகோட்டிய மீனவர் கூறினார்."

சில நூறு குறிப்புகள் இப்படித் திருத்திச் சேர்ந்த பிறகு, அவற்றை வைத்து ஒரு சிறிய மாடலுக்கு, அதன் சிறு பகுதியை மட்டும் பயிற்றுவிக்கும் லோரா முறையில் தனிப் பயிற்சி கொடுக்கலாம். அதுவரை ஐந்து எடுத்துக்காட்டு முறையே போதும். அவசரம் இல்லை.

ஒன்பதாம் படி: சரிபார்த்தல்

குறிப்பில் உள்ள ஒவ்வொரு பெயர்ச்சொல்லையும் எண்ணையும் விரலால் தொட்டு, தாளில் அதற்கு வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அடித்துவிடுங்கள். சலிப்பான வேலைதான், ஆனால் இதற்கு மாற்றுக் கிடையாது.

ஆய்வுக் கட்டுரை எழுதுகிறவர்கள் குறிப்புகளுக்கு மதிப்பெண் கேட்பார்கள். 2002-ல் வந்த ப்ளூ, 2015-ல் வந்த சைடர் போன்ற அளவீடுகள் மாடலின் குறிப்பை மனிதர் எழுதிய குறிப்போடு சொல் சொல்லாகவும் சொற்றொடர்களாகவும் ஒப்பிடுபவை. தமிழில் "முகத்துவாரத்தில்", "முகத்துவாரத்துக்கு", "முகத்துவாரமும்" மூன்றும் அவற்றுக்கு வெவ்வேறு சொற்கள். நல்ல குறிப்புக்கும் குறைந்த மதிப்பெண் விழும். எழுத்து மட்டத்தில் ஒப்பிடும் சிஎச்ஆர்எஃப் (chrF) தமிழுக்கு இன்னும் நியாயமாக இருக்கும். எதுவானாலும் இனத்தின் பெயர் தவறினால் இவை பெரிதாகத் தண்டிக்காது, ஒரு சொல் மாறியதாகத்தான் எண்ணும். நமக்கோ அந்த ஒரு சொல்தான் எல்லாமே.

ஆகவே ஐம்பது குறிப்புகளை எடுத்து இரண்டு பேரிடம் கொடுங்கள். ஒருவர் உயிரியல் தெரிந்தவர், இன்னொருவர் அந்த நீரில் தொழில் செய்பவர். தவறுகளை வகை பிரித்து எண்ணுங்கள்: இல்லாததைச் சேர்த்தது, இனம் தவறு, இடம் தவறு, எண்ணிக்கை தவறு, மொழி உறுத்தல். எந்த வகை அதிகமோ அந்தப் படிக்குத் திரும்பிப் போய்ச் சரிசெய்யுங்கள். எங்களுக்கு எண்ணிக்கைதான் அதிகம் தவறியது. கூட்டமாக நிற்கும் பூநாரைகளை மாடல் எண்ணுவதை நிறுத்திவிட்டு, களத்தில் எண்ணிய எண்ணை மட்டுமே தாளில் எழுதத் தொடங்கினோம். மீனவ அக்கா ஒருவர் படித்துவிட்டு, நாங்கள் "நீர்நிலை" என்று எழுதிய இடத்தையெல்லாம் "ஆறுன்னு போடுப்பா, யாருக்குப் புரியும்?" என்று திருத்தினார். அதையும் சொற்பட்டியலில் சேர்த்துவிட்டோம்.

பத்தாம் படி: படத்துக்குள்ளேயே எழுதி வைத்தல்

குறிப்பு தனிக் கோப்பில் இருந்தால் ஒருநாள் படமும் குறிப்பும் பிரிந்துபோகும். எக்சிஃப்டூல் வழியே படத்தின் மெட்டாடேட்டாவுக்குள்ளேயே எழுதுங்கள். செய்திப் படங்களுக்கான ஐபிடிசி தரத்தின் பழைய குறிப்புப் புலத்தில் 2000 பைட்டுக்கு மேல் இடமில்லை. யூனிகோடில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட் எடுப்பதால் உண்மையில் 666 தமிழ்க் குறிகளுக்குமேல் கொள்ளாது. உயிர்மெய் எழுத்துகளில் பல இரண்டு குறிகளால் ஆனவை என்பதால் இன்னும் சீக்கிரம் நிரம்பிவிடும். எக்ஸ்எம்பி என்ற புதிய வகை மெட்டாடேட்டாப் புலத்தில் இந்தத் தொல்லை இல்லை. அங்கே தமிழையும் ஆங்கிலத்தையும் மொழிக் குறியீட்டோடு அருகருகே வைக்கலாம். மாற்றுரைக்கென்று தனிப் புலமும் 2021 முதல் ஐபிடிசி தரத்தில் இருக்கிறது. தரவைப் பல்லுயிர்த் தளங்களுக்குக் கொடுப்பதாக இருந்தால் டார்வின் கோர் தரத்தின் புலப்பெயர்களில் தாளை மாற்றிக்கொள்ளுங்கள். வழக்குப் பெயருக்கு அதில் ஒரு தனிப் புலம் உண்டு, அதைக் காலியாக விடாதீர்கள்.

வெளியிடும் நகலில் சிலவற்றை மறைக்க வேண்டும். பங்குனி ஆமை முட்டையிட்ட குழி, பறவைக் கூடு போன்றவற்றின் இடத்தைத் துல்லியமாகக் கொடுக்காதீர்கள். ஜிபிஎஸ் எண்ணில் தசமத்துக்குப் பின் ஐந்து இலக்கம் இருந்தால் ஏறக்குறைய ஒரு மீட்டர் துல்லியம், இரண்டு இலக்கமாகக் குறைத்தால் ஒரு கிலோமீட்டர். முழு எண் காப்பக நகலில் மட்டும் இருக்கட்டும். ஒத்துக்கொள்ளாதவர்களின் முகமும் அப்படியே.

கடைசியாக ஒவ்வொரு குறிப்போடும் எந்த மாடல், எந்த நாளில் எழுதியது, யார் சரிபார்த்தார் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். உண்மைத் தாள்களைக் குறிப்புகளோடு சேர்த்துப் பாதுகாத்து வையுங்கள். அறிவியல் பெயர்கள் மாறிக்கொண்டே இருக்கும். காக்கா ஆழியையே பழைய ஆய்வுகளில் மைட்டெல்லா சாருவானா என்றுதான் எழுதியிருப்பார்கள். நாளைக்கு மறுபடி மாறினால் சொற்பட்டியலில் ஒரே ஒரு வரியைத் திருத்தி, அந்தப் பெயர் வரும் தாள்களை மட்டும் மறுபடி ஓட்டினால் போதும். மீனவர் சொன்ன பெயர் இருக்கும் வரி அப்படியே நிற்கும்.